பொதுமக்கள் தண்ணீர் கேட்டார்கள்

தோப்புத் தெருக் குழாய் மார்கழி பத்தாம் தேதி காலை இரண்டு தடவை கனைத்துவிட்டு நின்றுபோனது. தெருவில் நாற்பத்துமூன்று வீடு. எல்லா வீட்டிலும் கிணறு உண்டு, கிணற்றில் தண்ணீரும் உண்டு. வாயில் வைத்தால்தான் தெரியும், கடல் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதென்று.

மற்றவர்களுக்கு அது தொல்லை. பங்கஜவல்லிக்கு வயிற்றில் அடி. புருஷன் போய் ஆறு வருஷமாகத் தெருமுனை இட்லிக் கடைதான் அவளையும் இரண்டு பெண்களையும் காப்பாற்றி வந்தது. மீன் ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் காரைக்காலுக்குப் போகும் வண்டிக்காரர்கள் அவள் சாம்பாருக்காகவே மாட்டை நிறுத்துவார்கள். உப்புத் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது. மூன்று மணி நேரம் கொதித்தாலும் முழுசு முழுசாக மிதந்துகொண்டு சமைத்தவளை முறைத்துப் பார்க்கும். வண்டிக்காரர்கள் இரண்டு நாள் பொறுத்தார்கள். மூன்றாம் நாள் ஒருவன் பருப்பை விரலால் எடுத்து, "இதை வெச்சு கோலி ஆடலாமாக்கா?" என்று கேட்டான். நாலாம் நாள் அவன் வண்டி நிற்கவில்லை.

"மேரியில போயி சொல்லு பங்கஜம்" என்றாள் எதிர்வீட்டு ஜன்னத். அவள் புருஷன் சைகோனில் ஜவுளிக்கடையில் இருந்தார். அவர் இல்லாத குறையைத் தெருவில் யாரும் உணராதபடி அவள் குரல் பார்த்துக்கொண்டது. "நீ போனாத்தான் காரியம் நடக்கும். நான் போனா சண்டை போட்டுட்டு வந்துருவேன்."

மேரி என்றால் ஏதோ பெண்பிள்ளை என்று நினைத்துவிடக் கூடாது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் கொம்யூன் ஆபீஸுக்கு, நம்ம பக்கத்துப் பஞ்சாயத்து ஆபீஸ் மாதிரி, மேரி என்று பேர், அதன் தலைவருக்கு மேர் என்று பேர். பிரெஞ்சுக்காரன் கப்பலேறி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது, பேர் தங்கிவிட்டது. கழிச்சேரி கொம்யூனில் குழந்தைக்குக்கூட இது தெரியும். வெளியூரிலிருந்து புதிதாக வந்து இறங்கிய தனி அதிகாரிக்குத் தெரியவில்லை. அவர் எதை விசாரித்தாலும் ஊரார், "அதை மேரிதாங்க முடிவு பண்ணணும்", "மத்தியானம் மேரியில ஒண்ணும் நடக்காதுங்க" என்றார்கள். அவர் ஒரு வாரம் பொறுமையாகக் குறித்துக்கொண்டு மேலிடத்துக்கு எழுதினார்: 'இவ்வூர் நிர்வாகம் முழுவதும் மேரி என்ற ஒரு பெண்மணியின் கைக்குள் இருக்கிறது. அவர் தேர்தலில் நின்றதாகத் தெரியவில்லை. மதியத்தில் தூங்கவும் செய்கிறார். மக்களுக்கு நிர்வாகத்தில் எந்தப் பங்கும் இல்லை.'

கடைசி வாக்கியம் ஒன்றுதான் உண்மை, அதுவும் தற்செயலாக வந்து விழுந்தது. மேலிடம் பதறிப்போனது. கழிச்சேரியின் 1956-ஆம் வருஷ பட்ஜெட் பொதுமக்கள் கலந்துகொண்டு, பொதுமக்கள் முன்னிலையில், பொதுமக்களின் கருத்தைக் கேட்டே போடப்பட வேண்டும் என்று அவசர ஆணை பிறந்தது. மேரி யார் என்பது பிறகு தெரியவந்தபோது ஆணையைத் திரும்ப வாங்க யாருக்கும் அதிகாரம் இல்லை என்பதும் தெரியவந்தது.

தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை பட்ஜெட் கூட்டம். அறிவிப்பை இங்கிலீஷிலும் பிரெஞ்சிலும் அழகாகத் தட்டச்சு செய்து, பனியில் நனையாமலிருக்க ஆபீஸ் பீரோவின் உள்கதவில் ஒட்டியிருந்தார்கள். இருந்தும் பத்து மணிக்கு ஒருத்தரும் வரவில்லை. மேர் சண்முகசுந்தரம் கழுத்துவரை பித்தான் போட்ட கோட்டும் பளபளக்கும் பூட்ஸுமாக உட்கார்ந்திருந்தார். பிரெஞ்சில் கோபப்பட்டுத் தமிழில் சமாதானமாகிற மனிதர். பக்கத்தில் முப்பது வருஷமாகக் கூட்டக் குறிப்பு எழுதிவரும் குமாஸ்தா தெட்சிணாமூர்த்தி. எதிரில் தனி அதிகாரி, கையில் ஆணையோடு.

"பொதுமக்கள் எங்கே?"

"வரலீங்க" என்றார் தெட்சிணாமூர்த்தி.

"ஆணையில் 'முன்னிலையில்' என்று இருக்கிறதே! முன்னால் யாராவது இருந்துதானே ஆக வேண்டும்?"

சேவகர் நாகூர் மீரானைப் பொதுமக்களைப் பிடித்துவர அனுப்பினார்கள். அவர் வராந்தாவைத் தாண்ட வேண்டியிருக்கவில்லை. அங்கே பங்கஜவல்லி, அத்தாட்சிக்கு ஒரு காலிக் குடத்தோடு, யாரிடம் சொல்வதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏம்மா, நீ பொதுமக்கள்தானே?"

"நான் தோப்புத் தெருங்க."

"அது போதும். உள்ள வா."

உள்ளே ஒரு நாற்காலியின் முதுகில் 'பொதுமக்கள்' என்று எழுதி ஒட்டியிருந்தது. அதில் அவளை உட்கார வைத்தார்கள். தனி அதிகாரி எழுந்து நின்று கைகூப்பியபோது பங்கஜவல்லி பதறிப்போய்த் தானும் எழுந்தாள். உட்காரச் சொன்னார்கள். அவளுக்குத் தெரிந்து அதுவரை எந்த அதிகாரியும் அவளைக் கும்பிட்டதில்லை. ஏதோ கெடுதல் வரப்போகிறது என்று நினைத்தாள்.

"பொதுமக்களே!" என்று அவளைப் பார்த்து முழங்கினார் தனி அதிகாரி. "இனிமேல் ஆளுகிறவர்கள் நீங்கள். நாங்கள் உங்கள் ஊழியர்கள். ஆகவே நாங்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது. உங்கள் கருத்தைக் கேட்காமல் ஒரு காசுகூட செலவழிக்க மாட்டோம். செலவெல்லாம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. கருத்து மட்டும்தான் பாக்கி. அதை இன்று பன்னிரண்டு மணிக்குள் பெற்றுக்கொள்வோம்."

மேருக்கும் பேச ஆசை வந்தது. "இந்த மக்களை எனக்கு முப்பது வருஷமாத் தெரியும். தங்கமான மக்கள். ஒருத்தரும் ஒண்ணும் கேட்டதில்லை. கேட்டவங்களை அதுக்கப்புறம் நான் பார்த்ததே இல்லை."

பிறகு பட்ஜெட்டை வாசித்தார்கள். மேரிக் கட்டடத்துக்கு வெள்ளை. மேரின் அறைக்கு ஜன்னல் திரை. கொடிமரத்துக்குப் பெயிண்ட். கொடிமரத்துக்குப் பெயிண்ட் அடிப்பதைப் பார்வையிடும் அதிகாரிக்குப் படி. ஒவ்வொன்றுக்கும், "பொதுமக்களுக்கு ஆட்சேபம் உண்டா?" என்று நாற்காலியைப் பார்த்துக் கேட்டார்கள். குழாய் எப்போது வரும் என்று காத்திருந்த பங்கஜவல்லி, வராது என்று தெரிந்ததும் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு, "ஐயா, ஒரு விஷயங்க..." என்று ஆரம்பித்தாள்.

தெட்சிணாமூர்த்தி நல்ல மனிதர். பேனாவை மையில் தோய்த்து, அன்போடு சொன்னார்: "பயப்படாம சொல்லுங்கம்மா. நீங்க சொல்றதை ஒரு எழுத்து விடாம புரோசே வெர்பால்ல ஏத்திடுறேன்."

பங்கஜவல்லிக்கு உயிர் போய்விட்டது.

தெட்சிணாமூர்த்தி முப்பது வருஷமாக எழுதிவந்த கூட்டக் குறிப்புக்குப் புரோசே வெர்பால் என்று பேர். போலீஸ்காரன் யாரையாவது பிடித்து, அந்த ஆள் செய்த குற்றத்தை எழுதிக் கையெழுத்து வாங்குகிற காகிதத்துக்கும் அதே பேர்தான். பேசுகிறவனுக்கும் தப்புப் பண்ணுகிறவனுக்கும் தனித்தனிக் காகிதம் எதற்கு என்று பிரெஞ்சுக்காரன் நினைத்திருக்கலாம். கழிச்சேரியில் சாதாரண ஜனங்களுக்கு இரண்டாவது காகிதத்தோடுதான் பழக்கம். பங்கஜவல்லியின் புருஷன் ஒருமுறை விளக்கில்லாத சைக்கிளில் போய் புரோசே வெர்பால் வாங்கி, இரண்டு நாள் காவலில் இருந்துவிட்டு வந்தான்.

"ஐயா, நான் ஒண்ணும் பண்ணலீங்க! குடம் என் சொந்தக் குடந்தாங்க!" என்றாள். அதற்குமேல் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "தண்ணி... தண்ணி வேணுங்க" என்று மட்டும் வந்தது.

நாகூர் மீரான் ஓடிப்போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார். குடித்தாள்.

"போதுமா?" என்றார் மேர்.

"போதுங்க."

"இப்ப எப்படி இருக்கு?"

"நல்லாருக்குங்க."

தெட்சிணாமூர்த்தியின் பேனா நிற்காமல் ஓடியது. கடைசியில் கையெழுத்துக் கேட்டார். வெளியே விட்டால் போதும் என்றிருந்த பங்கஜவல்லி, எங்கே என்று கேட்டு அங்கே போட்டுவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

ஜன்னத் விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "அல்லாவே! தெருவுக்குத் தண்ணி கேக்கப் போயி ஒரு தம்ளர் குடிச்சிட்டு வந்துருக்கா! போ, மறுபடி போ. இந்தத் தடவை வாசல்லயே சொல்லிப்புடு."

மறுவாரம் போனாள். தெட்சிணாமூர்த்தி பதிவேட்டைப் பிரித்துத் தமிழில் படித்துக் காட்டினார்: 'பொதுமக்கள் காலிக் குடத்துடன் வந்து தண்ணீர் கேட்டார்கள். தண்ணீர் உடனடியாக வழங்கப்பட்டது. போதும் என்றும், நன்றாக இருக்கிறது என்றும் பொதுமக்கள் தெரிவித்தார்கள். வேறு குறை எதுவும் எழவில்லை.'

"ஐயா, தெருக் குழாயில தண்ணி வரலீங்க."

"வழங்கப்பட்டதுன்னு பொதுமக்களே கையெழுத்துப் போட்டிருக்காங்களேம்மா."

"அந்தப் பொதுமக்கள் நான்தாங்க!"

தெட்சிணாமூர்த்தி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவளை உற்றுப் பார்த்தார். "அதெப்படிம்மா? நீங்க ஒருத்தர். அவங்க பொதுமக்கள். அவங்க சொன்னதை நீங்க ஒருத்தரா வந்து மறுக்க முடியுமா?"

பங்கஜவல்லி வந்த வழியே திரும்பினாள். 

பதிவேட்டைப் படித்த தனி அதிகாரிக்கு மட்டும் ஒரு யோசனை வந்தது. பொதுமக்கள் பட்ஜெட்டில் கேட்டது ஒன்றே ஒன்று, கூட்டத்துக்கு வந்த இடத்தில் தண்ணீர். அதைக்கூட ஒரு தம்ளரில் கொடுத்து அனுப்புவதா? 'பொதுமக்கள் குடிநீர் வசதி' என்று பட்ஜெட்டில் ஒரு தலைப்பைச் சேர்த்தார். மாசி பிறந்ததும் தோப்புத் தெருவில் ஃபிட்டர் கருப்பையன் பெரிய ஸ்பானரோடு வந்து நின்றான். தெருவே கூடிவிட்டது. ஒருத்தி அவனுக்கு மோர் கொடுத்தாள். அவன் மோரைக் குடித்துவிட்டு, குழாயை அடியோடு கழற்றி, துவாரத்தில் மரக்கட்டையை அடித்து, குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பினான்.

"எங்கப்பா கொண்டு போற?" என்று பின்னாலேயே ஓடினாள் பங்கஜவல்லி.

"மேரிக்குங்க. மீட்டிங் ஹாலுக்குள்ள மாட்டச் சொல்லி உத்தரவு. பொதுமக்கள் கேட்டாங்களாம்."

"அதுல என்னப்பா ரிப்பேரு?"

"ஒண்ணுமில்லைக்கா, உள்ள தோல் வாஷர் கிழிஞ்சு அடைச்சுக்கிச்சு. ஒன்றரை அணா சாமான்."

"அதை இங்கயே மாத்திடக் கூடாதா?"

"வாஷருக்குப் பட்ஜெட்ல தலைப்பு இல்லைக்கா. குழாயைக் கொண்டு போயி மாட்டறதுக்குத் தலைப்பு இருக்கு, வாஷரை அங்க அதுலயே சேத்துடுவோம்."

மறுநாள் காலையில் ஜன்னத் முன்னால் நடக்க நாற்பத்துமூன்று பெண்கள் குடத்தோடு மேரி வாசலில் போய் நின்றார்கள். நாகூர் மீரான் இரண்டு கையையும் விரித்துக் கதவை மறித்தார். "மீட்டிங் நடந்தாத்தான் பொதுமக்கள் உள்ள வரலாம்."

"அப்ப மீட்டிங் போடச் சொல்லுங்க!" என்றாள் ஜன்னத்.

நாற்பத்துமூன்று பேர் வாசலில் நின்று கூட்டம் போடச் சொல்கிறார்கள் என்ற செய்தி எட்டியபோது தனி அதிகாரியின் கண்ணில் நீர் வந்துவிட்டது. உத்தியோகத்தில் சேர்ந்த நாளாக இப்படி ஒரு காலைப் பொழுதுக்காகத்தான் அவர் காத்திருந்தார். அன்று முதல் கழிச்சேரியில் தினம் எட்டு மணிக்குக் கூட்டம்.

முறை இப்படி: வருகிறவர்கள் பதிவேட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு, ஒரு ஓட்டுக்கு ஒரு குடம். ஒருத்தியின் குடம் நிறைவதற்குள் ஒரு தீர்மானம் வாசிக்கப்படும். ஒரு கை குடத்தில் இருக்க மறு கையைத் தூக்கினால் தீர்மானம் நிறைவேறியது. ஆட்சேபம் உள்ளவர்கள் வரிசையின் கடைசிக்குப் போய் நின்று ஆட்சேபிக்கலாம். இந்தச் சலுகையை யாரும் பயன்படுத்திக்கொள்ளவில்லை. மேரின் நாற்காலிக்கு மெத்தை நிறைவேறியது. தனி அதிகாரியின் படத்தை ஹாலில் மாட்டுவது நிறைவேறியது. ஒரு நாளைக்கு நாற்பத்துமூன்று தீர்மானம் என்றால் விஷயத்துக்கு எங்கே போவது? தெட்சிணாமூர்த்தி ராத்திரியெல்லாம் கண் விழித்து யோசித்தும் இரண்டு வாரத்தில் சரக்குத் தீர்ந்துவிட்டது. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை என்று ஒரு தீர்மானம் பலத்த ஆதரவுடன் நிறைவேறியது.

பங்கஜவல்லி இதற்கெல்லாம் சிரிக்கிற நிலையில் இல்லை. இட்லிக் கடைக்கு ஒரு நாளைக்கு ஆறு குடம் வேண்டும். கிடைத்தது ஒன்று. அது வீட்டுக்குக் குடிக்கவே சரியாக இருந்தது. கடையை மூடி ஒரு மாதமாகிவிட்டது. மூத்தவள் நீலாயதாட்சியை நெடுங்காட்டில் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று யோசனை. அங்கே சோறு போடுவார்கள். அண்ணி அந்தச் சோற்றுக்கு இரண்டு மடங்கு வேலை வாங்குவாள். "போறேம்மா, எனக்கு ஒண்ணுமில்ல" என்று பெண் சமாதானமாகச் சொன்னதுதான் அவளை அறுத்தது.

மறுநாள் கூட்டத்தில் தன் முறை வந்ததும் தெட்சிணாமூர்த்தி வாசிப்பதற்கு முன்னால் அவளே வாயைத் திறந்தாள். "ஐயா, குழாயைத் திரும்பத் தோப்புத் தெருவுலயே மாட்டணுங்க. இதான் என் தீர்மானம்."

நாற்பத்துமூன்று கை மேலே போனது. சிலர் இரண்டு கையையும் தூக்கினார்கள்.

தனி அதிகாரியின் முகம் வாடியது. "அம்மா, ஒன்று கேட்கிறேன். குழாய் தெருவுக்கு வந்துவிட்டால் நீங்கள் இங்கே வருவீர்களா?"

"எதுக்குங்க வர்றோம்?"

"பார்த்தீர்களா!" என்று மேரின் பக்கம் திரும்பினார். "இந்தப் பதினாறு நாளில் அறுநூற்று எண்பத்தெட்டுப் பேர் நிர்வாகத்தில் கலந்துகொண்டிருக்கிறார்கள். உலகத்தில் எந்த ஊரில் நடந்தது? தண்ணீரைத் தெருவிலே விட்டால் பங்கேற்பு வடிந்துவிடும். மக்களின் உரிமையை மக்களிடமிருந்து காப்பாற்றுவது என் கடமை. மக்களின் நன்மைக்காக மக்களின் தீர்மானத்தை நிராகரிக்கிறேன்."

"எப்படிங்க எழுதறது?" என்று கேட்டார் தெட்சிணாமூர்த்தி.

"ஏகமனதாகத் தோற்றது என்று எழுதும்."

பங்கஜவல்லி வீட்டுக்கு வந்து அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்தபோது கோபம் வந்தது. இத்தனை நாளாக வராத கோபம், மொத்தமாக வந்தது. ஜன்னத் வந்து பார்த்தபோது அவள் முகத்தைக் கழுவிக் கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டிருந்தாள்.

"ஜன்னத்தக்கா, வெள்ளிக்கிழமை புதுச்சேரியிலேருந்து பெரிய அதிகாரி வர்றாராம். நாமெல்லாம் கலந்துக்கிறதைப் பார்க்க."

"மீரான் சொன்னாரு. நல்ல சேலையா கட்டிக்கிட்டு வரணுமாம்."

"போக வேணாம்."

 ஜன்னத் அந்தப் பெரிய குரலில் தெருவுக்கே கேட்கும்படி சிரித்தாள். "ஒரு நா உப்புத் தண்ணி குடிச்சா யாரும் மவுத்தாப் போயிட மாட்டோம்."

வெள்ளிக்கிழமை எட்டு மணி. ஹாலில் வாழைமரம், ஜமக்காளம், மாலை, நாற்காலி, குழாய் எல்லாம் இருந்தன. பொதுமக்கள் இல்லை. பத்து மணிக்குப் பெரிய அதிகாரியின் கார் வந்துவிடும். எட்டரைக்குத் தனி அதிகாரி தோப்புத் தெருவுக்கு ஓடிவந்தார். பின்னால் நாகூர் மீரான், அவருக்கும் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு தெட்சிணாமூர்த்தி.

"அம்மா, ஏன் யாரும் வரவில்லை?"

"எங்க கருத்துங்க" என்றாள் பங்கஜவல்லி.

"கருத்தை ஹாலில் வந்து சொல்லலாமே!"

"சொன்னோங்க. தோத்துப் போச்சு."

"இன்றைக்கு ஒரு நாள் மட்டும் வாருங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்."

"குழாய் இங்க வந்தா நாங்க அங்க வர்றோம். இல்லாட்டி நீங்களும் மீரான் அண்ணனும் ஆளுக்கொரு குடத்தை எடுத்துக்கிட்டு உக்காருங்க."

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கருப்பையன் வந்தான். எந்தத் தலைப்பில் என்று தெட்சிணாமூர்த்தி கேட்டதற்கு, முப்பது வருஷத்தில் அவர் கேட்டிராத ஒரு தமிழ் வார்த்தை பதிலாக வந்தது. அரை மணியில் குழாய் பழைய இடத்தில் நின்றது. கருப்பையன் கைப்பிடியைத் திருகினான், தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. பங்கஜவல்லி முதல் குடத்தைப் பிடித்து நேரே அடுப்படிக்குக் கொண்டு போய்ப் பருப்பைப் போட்டுவிட்டு, நீலாயதாட்சியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். கிளம்பும்போது பெண் உள்ளிருந்து, "அம்மா, மசியுதும்மா!" என்று கத்தினாள்.  

சொன்ன சொல்படி நாற்பத்துமூன்று பேரும் போனார்கள். பெரிய அதிகாரி பருமனான, சந்தோஷமான மனிதர். இத்தனை பெண்கள் ஒழுங்காக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பூரித்துப்போனார். "சொல்லுங்கள் அம்மா, நிர்வாகத்தில் கலந்துகொள்வது உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று முன்வரிசையில் இருந்த பங்கஜவல்லியைக் கேட்டார். தனி அதிகாரி பின்னாலிருந்து கைகூப்பினார்.

"நாங்க கலந்துக்க வரலீங்க. தண்ணிக்கு வந்தோம்" என்றாள் அவள். "எட்டு மணி வேலையைப் போட்டுட்டு இங்க வந்து கை தூக்கினாத்தான் ஒரு குடம். இப்ப குழாய் வாசலுக்கு வந்துட்டுது. இன்னமே நாங்க வரமாட்டோம். எங்க கருத்து வேணும்னா நீங்க அங்க வாங்க. காலையில குழாயடியில எல்லாரும் இருப்போம்." பிறகு தெட்சிணாமூர்த்தியின் பக்கம் திரும்பினாள். "ஐயா, இதைப் புரோசே வெர்பால்ல ஏத்துங்க."

 பெரிய அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது பிரகாசமாக இருந்தார். "அற்புதம்! நிர்வாகம் மக்களைத் தேடிப் போக வேண்டும். இதைத்தான் நான் ஒரு வருஷமாகச் சுற்றறிக்கையில் எழுதி வருகிறேன். ஒருத்தரும் படிப்பதில்லை என்று நினைத்தேன். இந்த அம்மாள் படித்திருக்கிறார்!" கழிச்சேரி பட்ஜெட் கூட்டங்கள் இனித் தோப்புத் தெருக் குழாயடியில் நடக்கும் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நிர்வாகம் தோப்புத் தெருவுக்கு வந்தது. மேர் கோட்டும் பூட்ஸுமாக வந்தார். நாகூர் மீரான் தலையில் மெத்தை வைத்த நாற்காலி வந்தது. அதைக் கீழே வைத்ததும் நாலு காலும் சேற்றில் இறங்கி, மெத்தை கணுக்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. மேர் நிற்பதே கௌரவம் என்று முடிவு செய்தார்.

யாரும் அவர்களுக்காக வேலையை நிறுத்தவில்லை. தண்ணீர் விழுகிற சத்தத்தில் தனி அதிகாரி, "பொதுமக்களே!" என்று இரண்டு தடவை கூப்பிட்டும் ஒருத்தியும் திரும்பவில்லை. நெருங்கிப் போய்ப் பேசப் பார்த்தார்.

"வரிசையில வாங்க தம்பி" என்றாள் ஜன்னத்.

பதினோரு பேருக்குப் பின்னால் நின்று, முறை வந்ததும் அவர் குழாயருகே போய்த் தொண்டையைச் சரி செய்துகொண்டார்.

"குடம் எங்க?"

"குடம் இல்லை. நான் கருத்து..."

"குடம் இல்லாட்டித் தள்ளுங்க. அடுத்த ஆளு வாங்க!"

மேர் நிலைமையைப் புரிந்துகொண்டு தமிழிலேயே ஆரம்பித்தார். கடையில் வண்டிக்காரர்களுக்குப் பரிமாறிவிட்டு ஆறாவது குடத்துக்கு வந்த பங்கஜவல்லியைப் பார்த்து, "சொல்லும்மா. தண்ணிதான் வந்துட்டுதே. அடுத்தது உங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

"சாக்கடைங்க. நாலு வருஷமா அடைச்சுக் கிடக்கு."

"அப்படியா? எங்கே இருக்கு?"

"நீங்க நிக்கிற இடந்தாங்க."

மேர் குனிந்து பார்த்தார். கணுக்கால் வரை கறுப்பாக இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் ஓர் அங்குலம் இறங்கினார். கோபத்தில் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். தெட்சிணாமூர்த்தி அதையும் எழுதிக்கொண்டார்.

"எழுதறதை விட்டுட்டுக் கையைப் பிடிச்சு இழுமய்யா!"

பங்கஜவல்லி குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு கையைப் பிடித்தாள், ஜன்னத் மற்றொரு கையைப் பிடித்தாள். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக மேரும் பொதுமக்களும் ஒரே காரியத்துக்காகப் பாடுபட்டார்கள். மேர் வந்துவிட்டார். வலது கால் பூட்ஸ் வரவில்லை. அதைத் தேடி எடுப்பதற்காக அன்று மத்தியானமே பன்னிரண்டு ஆட்கள் வந்து தெரு நெடுகச் சாக்கடையை வெட்டினார்கள்.